மூன்றாவது திருகு

மாமியாரின் அறைத் தரை குளிர்ந்து அன்றோடு அறுபத்தொன்பது நாட்கள். கணக்கு எனக்குத் தெரியும். அந்தத் தரைக்கு அடியில் ஓடி அறையைச் சூடாக்கும் சுடுநீர்க் குழாயை மூடியது நான்தான். மூடச் சொன்னது அவர். ஏன் என்பதையும் சொல்லிவிட்டு, "உசுரே போனாலும் இது உன் வாயிலேர்ந்து வரக் கூடாது" என்றார். சரி என்றேன்.

அன்று சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின நாள். மதியம் சியோலிலிருந்து ஹேரான் அண்ணி வந்து இறங்கினார். என் கணவர் கியூசோக்கின் அக்கா. கியூசோக் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் இல்லாத வீட்டில் இவள் ஏன் இன்னும் இருக்கிறாள் என்ற கேள்வியை அண்ணி ஒவ்வொரு பண்டிகைக்கும் பேரிக்காய்ப் பெட்டியோடு சேர்த்துக் கொண்டுவருவார்.

எனக்கு இந்த வீடு வேண்டும். நான் வேலை பார்க்கும் உருளைக்கிழங்கு விதை ஆய்வுக்கூடம் இங்கிருந்து பத்து நிமிட நடை. பனி விழுந்து கணவாய்ச் சாலை அடைபட்டால் கீழ் ஊரிலிருந்து யாரும் மேலே வர முடியாது. பனிச்சறுக்கு சீசனில் இங்கே வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. அவர் இங்கே இருக்கும்வரை நானும் இருக்கலாம்.

அண்ணி கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் அறைக்குப் போனார். தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கத்தான். சூடான தரையில்தான் எல்லோரும் படுப்பது; இங்கே யார் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் அதைத்தான் செய்வார்கள். நான் சமையலறையில் நாளைய படையலுக்கு மீன் துண்டுகளை மாவிலும் முட்டையிலும் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தேன். அத்தை, அதாவது என் மாமியார், என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி திரும்பி வந்து என் முகத்துக்கு நேரே கையை நீட்டினார்.

"தொட்டுப் பாரு."

"என்ன அண்ணி?"

"என் கையத் தொட்டுப் பாரு. ஐஸ் பெட்டிக்குள்ள விட்டு எடுத்த மாதிரி இருக்கு. எங்கம்மாவ எதுல படுக்க வெச்சிருக்க?"

அத்தையைப் பார்த்தேன். அவர் வெங்காயத்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குழாய்ல காத்து அடைச்சிருக்கும் அண்ணி" என்றேன். எனக்குப் பொய் வராது. வாயில் வந்தது அதுதான்.

"உன் ரூம்ல அடைக்கல. ஹால்ல அடைக்கல. எங்கம்மா ரூம்ல மட்டும் தேடிப் போய் அடைச்சுதா?"

"பண்டிகை முடிஞ்சதும் ஆளக் கூப்பிடலாம்."

"ஏன், இன்னிக்கு ராத்திரி அவங்க தூங்க வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே அண்ணி போனை எடுத்தார்.

கீழ் ஊர் பாய்லர் கடை பியோ ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். பண்டிகை நாளிலும் வருவார். வந்தால் புதிதாக ஒன்றை விற்காமல் போகமாட்டார். கையில் கருவிப்பெட்டி, கக்கத்தில் வண்ணப் படங்கள் போட்ட விலைப் புத்தகம். கழுவுதொட்டிக்கு அடியிலிருந்த கதவைத் திறந்து, அங்கிருந்த எண்ணெய் டின்னையும் மாவுப் பையையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தரையில் படுத்தபடி உள்ளே தலையை விட்டார். அங்கே ஐந்து குழாய்த் திருகுகள், அறைக்கு ஒன்று. பாய்லரில் காய்ந்த தண்ணீர் அங்கே வந்து பிரிந்து ஒவ்வொரு அறையின் தரைக்கு அடியிலும் சுற்றிவிட்டுத் திரும்பும்.

"காத்தும் இல்ல கீத்தும் இல்ல மேடம்" என்று உள்ளிருந்தே சொன்னார். "காத்து இருந்தா கொடகொடன்னு சத்தம் வரும். மூணாவது திருக மூடி வெச்சிருக்காங்க. நல்லா இறுக்கி மூடியிருக்கு, என் கைக்கே அசைய மாட்டேங்குது."

வாணலியில் மீன் கருகும் வாசனை வந்தது. அடுப்பை அணைத்தேன்.

"யாரு மூடினது?" என்று அண்ணி கேட்டார்.

"நான்தான்."

"எதுக்கு?"

"பாய்லர் எண்ணெய்ச் செலவு."

இது முழுப் பொய் இல்லை. பாதி உண்மை. அந்தப் பாதியோடு நிறுத்தியிருக்கலாம். குற்றம் சாட்டினால் எனக்கு விவரம் சொல்லத் தோன்றிவிடும். "முழுசா மூடி வைக்கல அண்ணி. மைனஸ் பதினஞ்சுக்குக் கீழ போற ராத்திரி கொஞ்சம் தொறந்து வைப்பேன். இல்லேன்னா குழாய்க்குள்ள தண்ணி உறைஞ்சு வெடிச்சிடும்" என்றேன்.

அண்ணி சிரித்தார்.

"கேட்டீங்களா பியோ? குழாய் உறையக் கூடாதுன்னு பாத்துப் பாத்துத் தொறந்திருக்கா. எங்கம்மா உறைஞ்சாப் பரவால்ல. சயின்ஸ் படிச்ச பொண்ணு பாருங்க."

பியோ எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். குடும்பச் சண்டைக்கு நடுவிலும் வியாபாரத்துக்கு ஓர் இடைவெளி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"இந்த மண்ணெண்ணெய் பாய்லருக்கே வயசாச்சு மேடம். கேஸ் பாய்லர் போட்டுடுங்க. போன்லயே எல்லாம் பாக்கலாம். நீங்க சியோல்ல உக்காந்துக்கிட்டு அம்மா ரூம்ல எவ்வளவு சூடு இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். நீங்களே கூட்டலாம், குறைக்கலாம். இங்க யாரும் கை வைக்க முடியாது."

"அது எதுக்கு?" என்றார் அத்தை. பியோ வந்ததிலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

"சிலிண்டர் வண்டி ஜனவரியில இந்த ஏத்தம் ஏறாது" என்று நான் சொன்னேன். "போன வருஷம் கீழ் வீட்டுல ஒம்போது நாள் கேஸ் இல்லாம இருந்தாங்க. மண்ணெண்ணெய்னா பீப்பாய்ல ரொப்பி வெச்சுக்கலாம்."

"உன்ன யாரும் கேக்கல" என்றார் அண்ணி. விலைப் புத்தகத்தை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார். "எதுவும் வேண்டாம் பியோ. இந்த வீட்டையே மூடப்போறேன்."

பியோ விலையைக் குறைப்பதாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு மூன்றாவது திருகைக் குறட்டால் திறந்துவிட்டுப் போனார். பனிக்காகச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய அவர் வண்டி இறங்கும் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

அண்ணி அத்தைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீயே சொல்லும்மா. எத்தனை நாளா இப்படி?"

"குளிர்னு ஒண்ணும் பெருசாத் தெரியலடி."

"பயப்படாம சொல்லு. அவ முன்னாடியே சொல்லு."

"என்னத்தச் சொல்றது. நல்லாத்தான் தூங்குறேன்."

"பாத்தியா" என்று அண்ணி என்னிடம் திரும்பினார். "வாயே தெறக்க மாட்டேங்கறாங்க. அந்த அளவுக்கு மிரட்டி வெச்சிருக்க. நாளைக்குப் படையல் முடிஞ்சதும் அம்மாவ சியோலுக்குக் கூட்டிட்டுப் போறேன். வீட்ட வித்துடலாம். நீ உங்கம்மா வீட்டுக்குக் கெளம்பு. கியூசோக் இருந்தப்பவும் இப்படித்தான் கணக்குப் பாத்து அவனுக்குச் சூடு குடுத்தியா?"

பாய்லர் அறையில் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. திருகைத் திறந்ததில் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும். பின்கட்டுக்குப் போனேன்.

பாய்லர் அறை ஒரு தகரக் கொட்டகை. தண்ணீர்க் குழாயைத் திறந்து, அளவுக்கண்ணாடியில் மட்டம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"வாயக் குடுத்துடாத" என்றார்.

"நீங்க சொல்லலாமே அத்தை."

"எனக்குச் சொல்லிக் குடுக்காத."

"அவங்க என்ன பேசினாங்கன்னு கேட்டீங்க இல்ல? கியூசோக்க இழுத்தாங்க."

"கேட்டேன். எனக்குக் காது நல்லா இருக்கு. ரெண்டு நாள் கத்துவா, போயிடுவா. நீ சொன்னியோ, மறுநாளே உன் சாமான வாசல்ல வெச்சிடுவேன். வீடு யாருதுன்னு நெனவுல வெச்சுக்க."

மூன்று வருடமாக அவர் உண்ணும் சோறு நான் வடித்தது. பாய்லருக்கு எண்ணெய் நான் வாங்கியது. மட்டம் கோட்டுக்கு வந்தது. குழாயை மூடினேன்.

"நான் சொல்ல மாட்டேன் அத்தை. சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன். அது அப்படியேதான்."

"அப்ப சரி."

"ஆனா இன்னிக்கே கெளம்புறேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"அஞ்சரை பஸ் இருக்கு" என்றேன். "நான் போயிட்டா நீங்க இந்த வீட்டுல தனி ஆளு. தனியா இருக்கற அம்மாவ, அதுவும் ஜில்லுனு கெடக்கற ரூம்ல, அண்ணி விட்டுட்டுப் போவாங்களா? சியோல்ல அவங்க வீடு பதினேழாவது மாடி. அவங்க ரூமுக்குப் பக்கத்து ரூம். கதவுக்கு நம்பர் பூட்டு. ராத்திரி நீங்க எந்திரிச்சாலே அவங்களுக்குத் தெரியும். நீங்க எனக்காகச் சொல்ல வேண்டாம். உங்களுக்காகச் சொல்லுங்க."

"மெரட்டுறியா?"

"இல்ல. என்ன நடக்கும்னு சொல்றேன்."

"ஊமைக் கோட்டான்" என்றார் அத்தை. "மூணு வருஷமா வாயத் தெறக்காம இதத்தான் யோசிச்சிட்டிருந்தியா?"

நான் உள்ளே போனேன். என் அறையில் பெட்டியை எடுத்து விரித்தேன். கம்பளிச் சட்டைகள் பாதிப் பெட்டியை அடைத்துக்கொண்டன. எவற்றை விட்டுப் போவது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அத்தை வாய் திறக்காவிட்டால் நான் உண்மையிலேயே போக வேண்டியிருக்கும். அதையும் யோசித்துத்தான் சொன்னேன்.

பெட்டியை ஹாலுக்கு இழுத்து வந்தபோது அண்ணி அத்தையின் உடுப்புகளை ஒரு பெரிய துணியில் வைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அத்தை சுவர் ஓரமாக நின்றார்.

"இப்பவேவா?" என்றார் அண்ணி.

"ஆமா அண்ணி."

"மீன் பாதிதான் பொரிச்சிருக்கு. உருளைக்கிழங்கு அடை சுடவே ஆரம்பிக்கல. நாளைக்குக் காலையில படையல். உன் புருஷனுக்கும் சேத்துத்தான்."

"மாவு கரைச்சு வெச்சிருக்கேன்."

"ரோஷம் வந்துடுச்சாம். போறவ போகட்டும். அம்மா, உன் இன்னொரு கம்பளி எங்க? அந்த நீலக் கம்பளி. தலகாணியும் காணோம். ரூம்ல படுக்கையே ஒழுங்கா இல்ல. அதையும் இவ தூக்கி வித்துட்டாளா?"

நான் காலணி மாட்டிக்கொள்ளும் படியில் உட்கார்ந்தேன். இடது காலை நுழைத்து நாடாவை முடிந்தேன். வலது கால் நாடாவை முடியும்போது அத்தையின் குரல் வந்தது.

"அவள நிக்கச் சொல்லு."

"எதுக்கு?"

"மூடச் சொன்னது நான்."

"அவளக் காப்பாத்தாதம்மா."

"அவள எதுக்குடி நான் காப்பாத்தணும்? அவளும் ஒரு பாம்பு. நீயும் ஒரு பாம்பு. அந்த ரூம்ல ஆள் இல்ல, அதனால மூடச் சொன்னேன்."

அண்ணியின் கை மூட்டையின் முடிச்சில் நின்றது. "ஆள் இல்லையா? அப்ப நீ எங்க படுக்குற?"

அத்தை சால்வையை இழுத்து இறுக்கிக்கொண்டார். முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. கோபம்தான் இருந்தது, எங்கள் இருவர் மேலும்.

"மேட்டுல மீன் காயப்போடுறாரே தொக்மான், பொண்டாட்டி செத்துப்போன ஆளு, அவர் வீட்டுல. சாயங்காலமே விறகு போட்டுத் தரையச் சூடாக்கி வெச்சிருப்பாரு. நவம்பர்லேர்ந்து ராத்திரி நான் அங்கதான் படுக்குறேன், அவரோட."