கெட்டுப்போன சாம்பிள்

ஊரார் ரத்தமெல்லாம் லேப்காரருக்கு வெறும் எண்தான். தன் அக்காவின் ரத்தத்தையும் அப்படியே பார்த்தார். வினை அங்கேதான் தொடங்கியது.

அக்கா தையற்காரி. ஆறு மாதமாக இளைத்துக்கொண்டே போனாள். வெயிலே படாதவளுக்கு முகமும் விரல் முட்டிகளும் கறுத்தன. தையல் மெஷினை விட்டு எழுந்தால் தலை சுற்றியது. போதாக்குறைக்கு, லேப்காரத் தம்பி வீட்டுக்கு வந்தால் நேரே அடுக்களைக்குப் போய்க் கல்லுப்பை மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டு நிற்பாள்.

"என்னக்கா இது? பிரஷர் ஏறிடும்."

"நாக்கு கேக்குதுடா. நான் என்ன பண்ண?"

தம்பி ஜாடியைப் பிடுங்கி மேல்தட்டில் வைத்தார். அவள் கணவரான மாமாவிடமும் சொல்லி அந்த வீட்டுச் சமையலில் உப்பைக் குறைக்க வைத்தார். பிரஷரை மட்டும் அளந்து பார்க்கவில்லை. படித்தவருக்குத்தான் அளக்காமலே தெரியுமே.

கடைசியில் மாமாதான், "எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடு மாப்ள" என்றார்.

மதியம் அக்கா வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்தார். நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு முறை குத்தி, சிரிஞ்சை வலிந்து இழுத்து, பைக்கில் குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்தார். பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு என்றது மெஷின். ஐந்தரையைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய எண் அது. ஆனால் அவர் வேலைபார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் அதை முதல் தடவையில் யாரும் நம்புவதில்லை. இழுத்து எடுத்த ரத்தத்தில் செல்கள் உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். சாம்பிள் கெட்டது என்று தூக்கிப் போடுவார்கள். அவரும் போட்டார். செல் உடைந்திருந்தால், ரத்தத்தின் மேலே தெளிந்து நிற்கும் மேல்நீர் சிவந்திருக்க வேண்டும். இது வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. சோடியமும் தரைதட்டிக் கிடந்தது. இரண்டையும் கண் பார்த்தது, புத்திதான் பார்க்கவில்லை. நாளைக்கு மறுபடி எடுத்தால் போயிற்று என்று, போனில் "ஒண்ணுமில்லக்கா, பயப்படாத" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அக்காவைத் தூக்கி வந்தார்கள். அவள் ரத்தம் லேபுக்கு வந்தது. பொட்டாசியம் எட்டு புள்ளி ஒன்று. போனை எடுத்துச் சொன்னார்.

"எட்டா?" டியூட்டி டாக்டர் அலுத்துக்கொண்டார். "சாம்பிள் கெட்டிருக்கும். வேற அனுப்பறேன், போட்டுப் பாருங்க."

"வேணாம் சார். மேல்நீர் தெளிவா இருக்கு. நேத்தே ஆறு புள்ளி எட்டு. கெட்டதுன்னு நான்தான் தூக்கிப் போட்டேன். அவங்க என் அக்கா."

டாக்டரின் அலுப்பு போய்விட்டது. "சோடியம்?"

"நூத்திப் பதினாறு."

"உப்பு கேட்டாங்களா? உடம்பு கறுத்துதா?"

"ஆமா சார்."

"அட்ரினல்" என்றார் டாக்டர். போனை வைத்துவிட்டார்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. அதிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன்தான் சிறுநீரகத்துக்கு எஜமானி: சோடியத்தைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்று உத்தரவு போடும். சுரப்பி படுத்துவிட்டால் உத்தரவு நின்றுவிடும். உப்பு சிறுநீரோடு ஓடும், பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தைப் பிடிக்கும். லேப்காரர் பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர். போன உப்பைத்தான் அக்கா நாக்கால் தேடியிருக்கிறாள். அதையும் பிடுங்கிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவருக்கு.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூடிய கதவுக்குப் பின்னால் மானிட்டர் விட்டுவிட்டுக் கத்தியது. உள்ளே யாரையும் விடவில்லை, லேப்காரரையும்தான்.

"விடியும்போதே வாந்தி மாப்ள. ஆஸ்பத்திரி போலாம்னு நான் சட்டையே மாட்டிட்டேன். அவதான், தம்பி பாத்துட்டான், ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டான், பேசாம இருங்கன்னுட்டா. நானும் விட்டுட்டேன்."

நேற்றைய எண்ணைச் சொல்லிவிட வேண்டும் என்று லேப்காரர் வாயைத் திறந்தார்.

அதற்குள் மாமா அவர் கையைப் பிடித்தார். "டாக்டருங்க ஏதேதோ சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. அவ பொழச்சுக்குவாளா? நீ சொல்லு மாப்ள. நீ சொன்னாத்தான் நான் நம்புவேன்."