வட்டம் போடாத பாதை

"கடைசியில வட்டம் போடலையே?" என்று மதலேனா கேட்டதும், "கல்லறையோட முடிஞ்சுதுன்னு நான் எப்படிப் போடுறது, புள்ள? மூணாம் நாள் அவர்தான் எந்திரிச்சுப் போயிட்டாரே!" என்று அவள் புருஷன் இன்னாசி சிரித்ததும் 1913-ஆம் வருஷத்துப் பெரிய வெள்ளியன்று. மறுநாள் காலை சிராங்கூன் ரோட்டில், அவர்கள் வாசலில், யாரும் வைக்காத கூழாங்கல் அம்பு ஒன்று கிழக்கே பார்த்துக் கிடந்தது.

இன்னாசி ரயில் நிலையத்துக் குமாஸ்தா. கோயில் சாரணர் படைக்குத் தலைவன். புக்கிட் தீமா காட்டில் பிள்ளைகளுக்காக அவன்தான் அம்புகள் வைத்துச் சிலுவைப் பாதையின், தீர்ப்பிலிருந்து கல்லறை வரையிலான பதினாலு ஸ்தலங்களையும் அமைத்திருந்தான். சாரணர் வைக்கும் எந்தப் பாதையும் ஒரு கல் வட்டத்தில், நடுவே ஒரு கல்லோடு முடிய வேண்டும். 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று அதற்கு அர்த்தம். வட்டம் இல்லாததால் பாதை முடியவில்லை. பாதை வைத்தவனே அதன் கற்களைப் பொறுக்கியெடுக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே அவன் கிளம்பினான். கேலாங் தென்னந்தோப்பில் இரண்டு கழிகளைக் கட்டிய சிலுவை நின்றது. கயிற்று முடிச்சு அவன் போடும் முடிச்சேதான். முழங்காலிட்டுப் பதினைந்தாம் ஸ்தலத்தைச் செபித்தான், கற்களைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினான். அதிலிருந்து ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வேறு அம்பு. தொப்பியிலிருந்த சாரணர் சின்னமான பித்தளை லில்லிப் பூ, அம்பு காட்டும் திசைக்குத் தானே திரும்பும். பாதிச் சோற்றில் எழுந்து போவான். சாமியார் வந்து பார்த்துவிட்டு, பூசைக்கு மட்டும் தவறாதே என்றார்.

அந்தப் பெரிய வெள்ளியன்று கஞ்சிப் பானையைச் சுமந்துகொண்டு பதினாலு ஸ்தலமும் நடந்தவள் மதலேனா. இன்னும் நடக்கலாம் போலிருந்தது அவளுக்கு. அவன் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அவனிடம் ஒன்று கேட்க நினைப்பாள். வாசல்வரை போய்த் திரும்புவாள், விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்குவாள்.

"நீயே ஒரு வட்டத்தப் போட்டுடேன் லா," என்றாள் பக்கத்து வீட்டு மைமூன். "ஆம்பள அலையுறான், உன் பாத்திரமில்ல தேயுது!"

மூன்றாம் வருஷம் வாசலில் அப்படியே செய்தாள். அம்பு நின்றது. இன்னாசி ஒன்பது நாள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்ததில் தரையில் ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. கேட்டால் அவன் சொன்ன வார்த்தையெல்லாம் 'சும்மாதான்' ஒன்றே. அவன் வீட்டிலேயே இருந்தும் அவளுடைய அலைச்சல் அடங்காததுதான் அவளுக்கே ஆச்சரியம். பத்தாம் நாள் வட்டத்தைக் காலால் கலைத்தாள். அன்றைக்கே அம்பு வந்தது. பள்ளத்தில் மைமூனின் கோழிகள் படுத்துக்கொண்டன.

1920-இல், இருநூற்றுப் பன்னிரண்டாம் ஸ்தலத்துக்கான அம்பு ஜோகூர் படகுத்துறையில் தண்ணீர்மேல் கிடப்பதாகச் செய்தி வந்தது. கற்கள் முழுகவில்லை, படகுக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அக்கரை வேறு ராஜ்யம். இன்னாசி கழியை எடுத்தான். வழக்கம்போல் பாதையின் முதல் அம்பை வாசலில் தேடினான், அது அங்கே இல்லை. அடுப்படியில், மதலேனாவின் காலடியிலிருந்து தொடங்கியிருந்தது.

அவள் உலையை இறக்கினாள். அம்பை மிதிக்காமல் தாண்டி வந்து, அவன் கழுத்துத் துணியின் முடிச்சைச் சரிசெய்தாள்.

"ஏழு வருஷமாக் கேக்கணும்னு இருந்தேங்க," என்றாள். "என்னையும் கூட்டிட்டுப் போங்க."