மூன்று வாரம் நிறுத்திய மருந்து

ரோகினிக்கு மூன்று வயதில் தொடங்கிய மருந்து அது. இப்போது அவளுக்கு ஏழு. தினமும் காலையில் ஒரு பாக்கெட் தூளைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் அவள் அம்மா லோகேஸ்வரி செனாவாங் தொழிற்சாலைக்கு ஓடுவாள். மலம் கட்டிப்போய், வலிக்குப் பயந்து பிள்ளை அடக்கி அடக்கியே குடல் சோர்ந்துவிட்டது. குணமாக வருசக்கணக்கில் பிடிக்கும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டர் மீனலோசனி அப்போதே சொல்லியிருந்தார்.

இந்த மார்ச்சில் ரோகினி உள்ளாடையை நனைக்க ஆரம்பித்தாள். மலம் தண்ணீராய் ஒழுகியது, நாளுக்கு மூன்று நான்கு தடவை. பள்ளியில் அவள் பக்கத்தில் உட்கார யாருக்கும் மனமில்லை. டீச்சர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

"பேதியாவுறவளுக்கு எதுக்கு லா மருந்து? நிப்பாட்டு," என்றான் லோரி ஓட்டும் அவள் அப்பா தேவன். லோகேஸ்வரிக்கும் அது சரியென்றே பட்டது. நிறுத்தினாள். ஒழுகுவது நிற்கவில்லை. மூன்றாம் வாரம், இரட்டை சிப்ட் முடிந்து வந்தவள் நாற்காலியில் கறையைப் பார்த்ததும் பிள்ளையை அடித்துவிட்டாள். வேண்டுமென்றே செய்கிறாயா என்று கத்தினாள்.

ரோகினி அழவில்லை. "வர்றது எனக்குத் தெரியலம்மா," என்றாள்.

லோகேஸ்வரி நம்பவில்லை.

மறுநாள் பிள்ளை வாந்தி எடுத்தது. மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, லோகேஸ்வரியின் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தார். உள்ளே கல்லைப் போல ஒன்று.

"இது பேதி இல்லை. உள்ளே கட்டி நிக்குது. அதைச் சுத்தி ஒழுகுறதுதான் வெளியே வருது. குடல் விரிஞ்சு மரத்துப்போச்சு. பிள்ளைக்கு நிஜமாவே தெரியாது."

நான்கு வருசம் தேறியதெல்லாம் போச்சா என்று தேவன் கேட்டான். முதலிலிருந்து தொடங்க வேண்டும், இந்தமுறை இன்னும் நாளாகலாம் என்றார் டாக்டர். தேவன் எழுந்து வெளியே போனான்.

வார்டில், மூக்கில் செருகிய குழாய் வழியாக மருந்து இறங்கியது. அம்மா அடித்தது தப்பு என்று லோகேஸ்வரி குனிந்து சொன்னாள். ரோகினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எப்பம்மா நல்லாவும்?"

சீக்கிரம் என்று சொல்ல வாயெடுத்தாள். நான்கு வருசமாக அதையேதான் சொல்லி வந்திருக்கிறாள். விரிப்பை மாற்றத் தாதி வந்து நின்றாள். லோகேஸ்வரி எழுந்து பிள்ளையைத் தூக்கிப் பிடித்தாள்.