எல்லோருக்கும் கேட்கும்படி

என் வகுப்பு எசினாமுக்கு எழுத்து பிடிபடவில்லை. காதால் கேட்டால் எல்லாம் புரியும். தாளில் பார்த்தால் வரிகள் நழுவிவிடும். அதனால் கேள்விகளை வாசித்துக் காட்டும் ஒரு டேப்லெட்டைப் பள்ளியிலிருந்து அவளுக்கு வாங்கித் தந்திருந்தோம். இயர்போனில் கேட்டு, விடைக்கான கட்டத்தைப் பென்சிலால் நிரப்புவாள்.

இந்தத் தேர்விலும் தோற்றால் மறுபடி ஆறாம் வகுப்பு. அப்படியானால் பள்ளிக்கே வரமாட்டேன், அத்தையோடு சந்தையில் கெங்கே என்கிற சோளமாவு உருண்டை விற்கப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

தேர்வன்று காலையில் தலைமையாசிரியர் அக்பேகோ என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், அந்தப் பொண்ணு காதுல அபோர் ஓடுதுன்னு ஊரெல்லாம் பேச்சு."

கசிந்த வினாவிடையை எங்கள் பக்கத்தில் அபோர் என்பார்கள்.

"கேள்வியை மட்டும்தான் படிக்குது, சார்."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணும்ல? எல்லாரும் கேக்கட்டும்."

புதன்கிழமை வழிபாட்டுக்கு வைக்கும் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து அதன் வயரை டேப்லெட்டில் செருகினார். அது நியாயமா, அநியாயமா? எனக்குப் பிடிபடவில்லை. கேள்வித்தாள்களைக் கொடுக்கத் தொடங்கினேன்.

முதல் கேள்வி அறையை அதிரவைத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். எசினாம் எதையும் இரண்டு மூன்று முறை கேட்பவள். மறுபடி பொத்தானை அழுத்தியதும் முன்வரிசைக் கோர்சி திரும்பினான்.

"இன்னுமா வெளங்கல? ஊருக்கே கேட்டுச்சு, உனக்குக் கேக்கலியா?"

"முன்னால பாருடா" என்றேன்.

அதன்பின் அவள் எதையும் மறுமுறை கேட்கவில்லை. தோன்றிய கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போனாள். ஏழாவதில் பென்சிலை வைத்தாள். டேப்லெட்டைக் கவிழ்த்தாள்.

"போடும்மா, எசினாம்."

"வேணாம், மேடம். நான் வீட்டுக்குப் போறேன்."

யாருடைய பென்சிலும் நகரவில்லை.

"மேடம், ஏழாவதை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க." பின்வரிசையில் யாய்ரா. வகுப்பில் எப்போதும் முதல் ஐந்து பேருக்குள் வருபவள்.

"எனக்கும், மேடம்."

"எனக்கும்."

கோர்சி திரும்பாமலே சொன்னான்: "போடேன்டி."

கேள்வித்தாள் எல்லோர் முன்னாலும் இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அக்பேகோ என் காதருகே குனிந்தார். "தாள்தான் கையில இருக்கே? என்ன வந்துச்சு இதுங்களுக்கு?"

"தெரியல, சார்."

"படிக்க வராதது அவ ஒருத்திக்குத்தானே? நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தேன். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

எசினாமும் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"எத்தன தடவ போடலாம், மேடம்?"

அக்பேகோவைப் பார்த்தேன். அவர் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணுங்கற மட்டும் போடு" என்றேன். அது சரியா என்று தெரியாமல்தான் சொன்னேன்.

டேப்லெட்டை நிமிர்த்தி ஏழாவதைப் போட்டாள். மறுபடி போட்டாள். மறுபடியும். பிறகு பென்சிலை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள்.