மல்ஹி அழித்த இணைப்பு

உதவாத ஒன்று என்று நினைத்துத்தான் மல்ஹி அதை அழித்தாள். பழப்பெட்டிகளுக்கு ஆர்டர் போட வேண்டியிருந்தது. இணையமோ திக்கித் திணறியது. கணினித் திரையைக் குடைந்ததில், பிற கருவிகளோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டுகள் இரண்டின் பெயர்கள் தெரிந்தன. பழசுதான் இடைஞ்சல் என்று முடிவு கட்டி, நீக்கிவிட்டாள். திரை ஓரத்தில் ஐந்து கொட்டகைகளின் வெப்பநிலையைக் காட்டிக்கொண்டிருந்த கட்டங்கள் ஒவ்வொன்றாக வெறும் கோடுகளாயின.

அந்தக் கணினிக்கு ராணுவத்தில் இருக்கும் அவள் மகனின் வயது. ஐந்து பிளாஸ்டிக் கொட்டகைகளிலும் உள்ள சூடேற்றிகளை, கொட்டகைக்கு ஒன்றாக இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டிகள் வழியாக, அதுதான் ஏவியது. கையாலும் போடலாம்; ஆனால் நேரத்துக்கு நிறுத்தாவிட்டால் செடி வெந்துவிடும், மறுபடி போட மறந்தால் உறைந்துவிடும். ஐந்துக்கும் அவள் ஒருத்தி. குளிர்காலப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வரப்போகும் புத்தாண்டுச் சந்தைக்கான ஸ்ட்ராபெரிகள் முக்கால் சிவப்பாகத் தொங்கின. எல்லாம் தெரிந்த கணவர் பியோங்தே, நோன்சான் ஆஸ்பத்திரியில் பித்தப்பை அறுவைக்காக மயக்கத்தில் கிடந்தார்.

கேட்பதற்கு ஒருத்திதான் இருந்தாள். ஓரகத்தி ஹேரான், தேஜோனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். அறுவடைத் திருநாளில் சமையலுக்கு வராமல் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவளை, “அது சோறு போடுமா?” என்று எல்லோர் முன்னாலும் மல்ஹி கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து பேச்சில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அழைத்தாள்.

“என்னக்கா, அத்தானுக்கு ஏதாவது…?”

“அவருக்கு ஒண்ணுமில்ல. நான்தான் கம்ப்யூட்டர்ல எதையோ அழிச்சுத் தொலைச்சிட்டேன்.”

“கம்ப்யூட்டரா? அதுதான் சோறு போடாதேக்கா.”

“ராத்திரிக்குள்ள செடியெல்லாம் உறைஞ்சிடும்,” என்றாள் மல்ஹி. மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

“சரி, விடுங்க. என்ன அழிச்சீங்க, சொல்லுங்க.”

மல்ஹி சொன்னதைக் கேட்டுவிட்டு ஹேரான் சிரித்தாள். “கார்டு உள்ளேதான் இருக்கு. நீங்க பேரைத்தான் அழிச்சீங்க. புதுசா ஏதாவது மாட்டியிருக்கான்னு தேடச் சொல்ற பொத்தான் மேல இருக்கும், அழுத்துங்க.”

அழுத்தினாள். கார்டு திரும்பி வந்தது. கட்டங்களில் கோடுகள் அப்படியே இருந்தன.

“அதுக்குன்னு ஒரு எண் இருந்திருக்கும், வீட்டு விலாசம் மாதிரி. அழிச்சதோட அது போச்சு. என்ன எண்ணுன்னு அத்தானுக்குத்தான் தெரியும்.”

மல்ஹி அந்தக் கட்டங்களையே பார்த்தாள். பிறகு சட்டென்று, “கொட்டகைப் பெட்டிங்க இதுகூடத்தானே பேசுதுங்க? அதுங்களுக்கு விலாசம் தெரியாமலா பேசும்?” என்றாள்.

“அக்கா! ஓடுங்க!”

ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள். முதல் கொட்டகைப் பெட்டியின் சின்னத் திரையில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினாள். நாலாவதில் இரண்டு எண்கள் வந்தன: பெட்டியுடையது ஒன்று, தலைமைக் கணினியுடையது இன்னொன்று. இரண்டாவதை உரக்கச் சொல்லிக்கொண்டே திரும்பி ஓடினாள்.

எண்ணை இட்டதும் கணினி எதிர்த்துப் பேசியது. “இந்த எண்ணைக் கண்ணுக்குத் தெரியாத வேற கார்டு வச்சிருக்காம். வேற எண் போடுறியாங்குது. போச்சுடி, தப்பு பண்ணிட்டேன்!” என்று மல்ஹி போனில் கத்தினாள்.

“தப்பில்லக்கா, அப்படின்னா எண் சரி! நீங்க கொன்ன கார்டோட ஆவிதான் அது. வேற வேணாம்னு சொல்லுங்க.”

வேண்டாம் என்றாள். முதல் கட்டத்தில் ஆறு டிகிரி என்று வந்தது. அடுத்ததில் ஏழு. ஐந்தும் நிறைந்தபோது மல்ஹி நாற்காலியில் அப்படியே சரிந்தாள்.

“போனை வைக்காதீங்க,” என்றாள் ஹேரான். “சூடு ஏறுதான்னு பாத்துட்டு வைக்கலாம்.”

மல்ஹி போனைக் காதில் வைத்தபடியே கொட்டகைக்குள் போனாள். சூடேற்றி உறுமியது. செடி வரிசைகளுக்கு நடுவே தரையோடு தரையாகச் சப்பிக் கிடந்த நீளமான பிளாஸ்டிக் வெப்பக்காற்றுக் குழாய், வாசல் பக்கமிருந்து மெல்லப் புடைத்துக்கொண்டு வந்தது.

“என்னக்கா அது, சரசரன்னு?”

மல்ஹி போனை அதன் பக்கமாக நீட்டிப் பிடித்தாள். சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரிய, குழாய் கடைசிச் செடி வரைக்கும் உப்பி நின்றது.