எடையில்லாத ஒன்பது பேர்

பொன்ராஜ் தன் வேனுக்குக் கார் சக்கரம் மாட்டிய கதையைச் சொல்லி முகத்துவாரக்குப்பம் இன்றைக்கும் சிரிக்கிறது. அதை அதிகம் சொல்பவள் அவன் மனைவி மங்கை. அவளுக்கு அந்த உரிமை உண்டு.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் அது. மங்கையையும் சேர்த்து மீன் விற்கும் பெண்கள் ஒன்பது பேர். ஏலம் முடிந்ததும் காசிமேட்டில் அவர்களை ஏற்றி, மணலி, மாத்தூர் என்று அவரவர் தெருவில் இறக்கிவிடுவது பொன்ராஜின் பிழைப்பு. வாடகை கூடைக்குத்தான். கூடைக்காரி சும்மா ஏறிக்கொள்ளலாம். மீன் வேன்களில் அதுதான் வழக்கம், அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை.

மீன் தண்ணீர் சொட்டிச் சொட்டி வேனின் சக்கரங்கள் துருவேறிக் கிடந்தன. அப்போது பார்த்துப் புதுப்பேட்டையில், பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடையில், பளபளவென்று நாலு அலாய் வீல், டயரோடு அவன் கண்ணில் பட்டது. சக்கரத்தில் ஐந்து போல்ட் ஓட்டை. வேனிலும் ஐந்து. வாங்கி வந்து மாட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது. ஓட்டை பொருந்திய பிறகு ஜாதகம் வேறு பார்க்க வேண்டுமா என்பது அவன் எண்ணம். அன்று சாயங்காலம் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தான். மங்கை போட்ட சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

மறுநாள் காலை காசிமேட்டில் பெண்கள் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வேனைப் பார்த்தார்கள். வயதிலும் வாயிலும் மூத்தவளான புஷ்பவல்லிதான் முதலில் ஆரம்பித்தாள்.

"டேய் பொன்ராஜு, லுங்கி கட்டிகினு பாலிஷ் போட்ட ஷூ மாட்டின மாதிரி கீதுடா."

"உனுக்கு வயித்தெரிச்சல்க்கா. ஏறு, ஏறு."

ஏறினார்கள். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் வண்டி ஒரு மாதிரி மிதந்தது. காற்றுக் குறைவாயிருக்கும் என்று தண்டபாணியின் பஞ்சர் கடையில் நிறுத்தினான். தண்டபாணி குனிந்து பார்த்தார். காற்றுக் குழாயைத் தொடவே இல்லை.

"யார் மாட்டினது?"

"நாந்தாண்ணா. அஞ்சு ஓட்டையும் சொல்லிவெச்ச மாதிரி உக்காந்துச்சு."

"ஓட்டை உக்காரும். சொமை உக்காரணுமே? டயர் ஓரத்துல எய்தி கீது பாரு, ஒரு டயருக்கு நானூத்தம்பது கிலோ. இது காரு சொமக்குறதுக்குப் போட்டது. அதுக்கு மேல ஏத்தினா ஓட ஓட சூடாவும், பக்கவாட்டுல வெடிக்கும். மணலி ரோட்டுல கன்டெய்னரு நடுவுல வெடிச்சா இன்னா ஆவும்னு நான் சொல்லணுமா? உன் பழைய சக்கரம் துருப்புடிச்சாலும் தகடு கெட்டி. வேனுக்குன்னே செஞ்சது."

பொன்ராஜுக்குச் சுருக்கென்றது. ஆனால் கணக்கில் அவனை யாரும் மடக்க முடியாது என்பது அவனுடைய நம்பிக்கை. விரல் விட்டு எண்ணினான். நாலு டயருக்கு ஆயிரத்து எண்ணூறு. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி வேனின் வெறும் எடை ஆயிரத்து முந்நூற்று எண்பது. ஐஸோடு கூடை நாற்பத்தைந்து கிலோ, ஒன்பது கூடைக்கு நானூற்று ஐந்து. மொத்தம் ஆயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து.

"பதினஞ்சு கிலோ மிச்சம் கீதுண்ணா!" என்றான், பரீட்சையில் தேறிய முகத்தோடு.

தண்டபாணி வேனுக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்பது பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"எதுத்தாப்ல எடைமேடை கீது. போய் நிறுத்திப் பாத்துட்டு வா."

எதிரே கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றன. அவற்றுக்கு நடுவே மீன் வேன் நுழைந்ததும் லாரிக்காரர்கள் கீழே இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். எடைமேடை குமாஸ்தா கருணாகரன் சட்டம் பேசுகிற ஆள். ஜன்னல் வழியாகக் கத்தினார்: "வண்டில ஆள் இருக்கக் கூடாது. எல்லாரும் இறங்குங்க. டிரைவரும்தான்."

எல்லோரும் இறங்கினார்கள். பலகையில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. 1785.

பொன்ராஜ் துள்ளிக் குதித்தான். "பாத்தியா, பாத்தியா! கிலோ பிசகல!"

மங்கை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதையோ கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி அவள் முகம் மாறியது.

"சார், இன்னும் ஒரு நிமிசம்," என்று கருணாகரனிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். "யக்கா, நீ ஏறு."

"நானா? இன்னாத்துக்கு?"

"ஏறுக்கா, சொல்றேன்."

புஷ்பவல்லி ஏறினாள். 1865.

"மிஷினு பொய் சொல்லுதுடி!" என்று உள்ளேயிருந்து புஷ்பவல்லி போட்ட சத்தத்தில் லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். கருணாகரனுக்கே சட்டம் மறந்துவிட்டது, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அடுத்தது யார் என்று பார்த்தார். ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். ஏறும்போது ஒவ்வொருத்தியும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். எடைமேடை அதற்கெல்லாம் மசியவில்லை. எட்டுப் பேர் ஏறியபோது 2290. கடைசியாக மங்கை ஏறினாள். 2345.

பொன்ராஜ் அப்படியே நின்றுவிட்டான். கடைசியில் கூடிய ஐம்பத்தைந்து கிலோ அவன் கண்ணை விட்டு நகரவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் மங்கையின் எடை அவனுக்கு இன்றைக்குத்தான் தெரியும். காசிமேட்டிலிருந்து இதுவரை அவளை எப்படிப்பட்ட டயரின் மேல் உட்காரவைத்து ஓட்டி வந்தோம் என்பதும் இப்போதுதான் உறைத்தது.

மங்கை வேனின் பின்கதவில் நின்றபடி கேட்டாள். "இத்தினி வருசமா உன் வண்டில வந்துகினு கீறோம். மீனுக்கு எடை போட்ட, ஐஸுக்கு எடை போட்ட. நாங்க இன்னாய்யா, காத்தா?"

"வாடகை கூடைக்குத்தானே வாங்குறேன்... அத்த வெச்சே எண்ணிட்டேன் மங்கே," என்றான். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவனுக்குத் தெரிந்தது. "எல்லாரும் எறங்குங்க. பழைய சக்கரம் எத்துகினு வர்ற வரைக்கும் யாரும் இதுல காலு வெக்கக் கூடாது."

வேனை மெதுவாகத் தள்ளிக்கொண்டுபோய்த் தண்டபாணி கடை வாசலில் விட்டார்கள். அவன் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினான். திரும்பி வருவதற்குள் பெண்கள் லாரி வரிசையிலேயே கடை விரித்துவிட்டார்கள். கருணாகரன் ஒரு கூறு சங்கரா மீன் வாங்கி மேஜைக்கடியில் வைத்திருந்தார். தண்டபாணி துருவைச் சுரண்டி, தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, பழைய சக்கரங்களை மாட்டிக் கொடுத்தார். வேன் பழையபடி அசிங்கமாக நின்றது.

புறப்படும் முன் பொன்ராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினான். புஷ்பவல்லியை மட்டும் ரெண்டு தடவை எண்ணப்போய் முதுகில் ஓர் அடி வாங்கினான்.

"ஒம்போது பேரு, ஒம்போது கூடை. கணக்கு கரீட்டு."

"தப்பு," என்றாள் மங்கை.

"இப்ப இன்னா தப்பு?"

"பத்து பேரு. காலைலேர்ந்து நீ அந்த மேடைல ஏறவே இல்ல. டயரு வெடிச்சா எங்களுக்கு மட்டுந்தான் சாவா? முன்னால குந்திகினு ஓட்டுறியே, உனுக்கு எடை கெடையாதா? எனுக்குன்னு கீறது நீ ஒருத்தன்தான்யா."

அவள் குரல் உடைந்துவிட்டது. புஷ்பவல்லி நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பத்து," என்று பொன்ராஜ் திருத்திச் சொன்னான். முன்னால் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தான். மணலி ரோட்டில் அன்றைக்கு அவன் அவ்வளவு மெதுவாகப் போனதில், பின்னால் வந்த லாரிக்காரர்கள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்கள்.