மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர்

பொய் சொல்வதற்கும் உடம்பில் ஒரு தெம்பு வேண்டும். உலகநாதனுக்கு அந்தத் தெம்பு தீர்ந்து வெகுநாளாகிவிட்டது. டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றுக்கு, அம்பத்தூர் எஸ்டேட்டில், அவர் மேனேஜர். பெயருக்குத்தான் மேனேஜர். பாங்கிலிருந்து ஆள் வந்தால் முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்பதும், பிளாஸ்டிக் சப்ளை செய்தவன் வந்தால் அடுத்த வாரம் செக் ரெடி என்பதும்தான் இரண்டு வருஷமாக அவர் பார்த்த உத்தியோகம். முதலாளி சம்பத் அந்த நேரத்தில் உள்ளறையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்.

ஆரம்பத்தில் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. கொரட்டூரில் இருந்த குடும்ப நிலத்தை விற்று சம்பத் கம்பெனி வைத்த புதிதில், தீபாவளி நெருங்கினால் கடைக்காரர்கள் பெட்டி கேட்டு வாசலிலேயே நிற்பார்கள். அப்புறம் பாரிமுனையில் பாதி விலைக்குச் சீனப் பெட்டி வந்து இறங்கியது. அத்தோடு சரி. தொண்ணூற்றாறு பொங்கலுக்குப் பிறகு ஒரு ஆர்டர் வரவில்லை. கரண்ட் பில் கட்டாததால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டி பூட்டும் லைனில் வேலை செய்த பெண்கள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வேறு இடம் தேடிப் போனார்கள். திட்டாமல் என்ன செய்வார்கள்? மிஞ்சியது சம்பத், உலகநாதன், சர்வீஸ் மெக்கானிக் பால்ராஜ் மூவர்தான். பழக்க தோஷத்தில் காலையில் வருவார்கள், இருட்டு ஹாலில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் பால்ராஜ் வந்து தலையைச் சொறிந்தான்.

"சார், வெள்ளானூர்ல ஒரு பொண்ணு பாத்துகீறாங்க. பொண்ணோட அப்பா செங்கல்வராயன்னு. வெள்ளிக்கிழமை இங்க வராரு, என்னைப் பத்தி விசாரிக்க."

"வரட்டுமே. நல்ல பையன்னு சொல்றேன்."

"அது பத்தாது சார். கம்பெனி ஓடிகினு இருக்கணும்."

உலகநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உனக்கு என்ன கிறுக்கு புடிச்சிருக்கா? கரண்டே இல்லடா இங்க."

"ஏற்கனவே ரெண்டு எடத்துல வேலை எப்டின்னு கேட்டுட்டு எழுந்து போய்ட்டாங்க சார். கையில தொழில் கீது, அப்பால நான் எங்கியாவது பொழச்சிக்குவேன். இந்த ஒருவாட்டி மட்டும்." தரையைப் பார்த்தபடி, "அந்தப் பொண்ணு என்னைப் புட்சிருக்குன்னு சொல்லிட்சாம் சார்," என்றான்.

அங்கேதான் உலகநாதன் கவிழ்ந்தார். போன மழைக்குக் கொரட்டூரில் அவர் வீட்டுக்குள் ஏரித் தண்ணீர் ஏறியபோது, கூப்பிடாமலே வந்து இடுப்பளவு தண்ணீரில் நின்று பீரோவைத் தூக்கி வைத்தவன் இவன். பெற்ற பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையாக நடந்துகொண்டவன். எத்தனையோ பொய் சொன்னோம், இவனுக்காக ஒன்று சொன்னால் குடியா முழுகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பக்கத்து லேத் பட்டறையிலிருந்து ஒயர் இழுத்து லைட் போட்டார்கள். லைனுக்கு ஆள் வேண்டுமே? லீடராக இருந்த ஜெகதாம்பாள், தாயம்மாவையும் இன்னும் சில பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளே வந்ததும் உலகநாதனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க சம்பளத்துக்குப் பட்டை நாமம் போட்டுட்டு உக்காந்துகீறீங்க. உங்க மூஞ்சிக்காவ ஒண்ணும் வரல. பால்ராஜுக்காவ வந்தோம்," என்றவள் அவன் பக்கம் திரும்பி, "கல்யாணத்துல பிரியாணி போடல, அப்பால கீது உனக்கு," என்றாள்.

பெண்கள் பழைய இடத்தில் உட்கார்ந்து, செத்துப்போன போர்டுகளில் ஈயம் வைத்துப் பற்ற வைக்க ஆரம்பித்தார்கள். புகை வாசனை ஹாலில் பரவியது. சம்பத் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து வரிசைகளுக்கு நடுவே உலாவினார். அந்த மனுஷன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

செங்கல்வராயன் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நிதானமான ஆள். ஹாலைச் சுற்றிப் பார்த்தார். டிவியில் ஒரு குட்டி மனிதன் குதித்துக் குதித்து ஓடிக்கொண்டிருந்தான்.

"இத்த வச்சி இன்னா பண்ணுவாங்கோ?"

"விளையாடுவாங்க," என்றார் உலகநாதன்.

"வெளையாடி?"

உலகநாதன் யோசித்தார். "முடிஞ்சதும் மறுபடியும் முதல்லேர்ந்து விளையாடுவாங்க."

"அதுக்குப் போய் துட்டு குடுத்து வாங்கறானுங்களா," என்று செங்கல்வராயன் ஆச்சரியப்பட்டார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார்கள்.

பையனைப் பற்றிக் கேட்டார். குடி இல்லை, சீட்டு இல்லை, கை சுத்தம், பெரியவர்களிடம் மரியாதை என்று உலகநாதன் சொன்னார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இந்தக் கம்பெனியில் உட்கார்ந்து முழுசாக உண்மை பேசுவது அவருக்கே புதுசாக இருந்தது. காபி வந்தது. காரியம் நல்லபடியாக முடிந்தது என்று அவர் மூச்சு விட்ட நேரத்தில், செங்கல்வராயன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சம்பத்தைப் பார்த்தார்.

"மொதலாளி, ஊர்ல எங்க நெலத்த மனை போட வாங்கிட்டாங்க. அந்தப் பணம் பாங்கில சும்மா தூங்குது. மருமவன் வேலை செய்யற எடம், கண்ணால பாத்தும் ஆச்சி. என்னியும் ஒரு பங்கா சேத்துக்குவீங்களா?"

சம்பத்தின் கண்கள் மின்னியதை உலகநாதன் பார்த்தார். "தாராளமா! திங்கட்கிழமை வாங்க, பத்திரம் எழுதிடலாம்," என்று சம்பத் எழுந்து நின்று கையைக் கூப்பிவிட்டார். பால்ராஜ் வாயைப் பிளந்தபடி கதவோரம் நின்றான்.

உலகநாதன் ஒன்றும் மகாத்மா இல்லை. அந்தப் பணம் வந்தால் தன் சம்பள பாக்கியும் தீரும் என்று அவருக்கும்தான் தோன்றியது. ஆனால் இந்தக் கம்பெனி ஓட்டைக் குடம். எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? பையனுக்கு ஒரு பெண் கிடைக்கட்டும் என்று போட்ட வேஷம், ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்தப் பார்க்கிறது.

"நான் இவரை பஸ் ஏத்திட்டு வரேன்," என்று செங்கல்வராயனோடு கிளம்பினார்.

எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் ஷிப்ட் விட்ட கூட்டம். ஆவடி பஸ் இன்னும் வரவில்லை. உலகநாதன் ஓரமாக நகர்ந்து நின்றார்.

"ஐயா, அந்தப் பணத்தை எங்க கம்பெனியில போடாதீங்க. கம்பெனி முழுகிப் போச்சு. இன்னிக்கு நீங்க பாத்தது அத்தனையும் நாடகம்."

செங்கல்வராயன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பையனுக்குத் தெரியுமா இது?"

இந்தக் கேள்வி வரும் என்று உலகநாதன் நடந்து வரும்போதே பயந்துகொண்டுதான் வந்தார். தெரியும் என்றால் பால்ராஜ் ஏமாற்றுக்காரன். பெண் கிடைக்காது. தெரியாது என்றால், தெரிந்தே செய்தவன் என்று ஒருவன் வேண்டும்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. புது ஆர்டர் வந்திருக்கு, பொண்ணுங்க வேலைக்குத் திரும்பிட்டாங்கன்னு அவனையும் நம்ப வெச்சது நான்தான். வெள்ளானூர் நிலம் விலைபோனது தெரிஞ்சுதான் இந்த ஏற்பாடு."

"எம் பணத்துக்காவ."

"ஆமா."

"அப்ப இப்ப ஏன் வந்து சொல்லிகினு நிக்கிற?" 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"முடியலைங்க," என்றார் உலகநாதன்.

பஸ் வந்தது. செங்கல்வராயன் படியில் கால் வைத்தவர் திரும்பினார். "வயசுல பெரியவன் மாதிரி கீற. அந்தப் புள்ளய முன்னால நிக்க வெச்சி பொழைக்கப் பாத்தியே, நீயெல்லாம் இன்னா மனுசன்யா?" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

திங்கட்கிழமை சம்பத் பத்திரத் தாளோடு சாயங்காலம் வரை காத்திருந்தார். யாரும் வரவில்லை. ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை, உலகநாதன் சொல்லவும் இல்லை. அந்த வாரமே பாங்க்காரர்கள் வந்து ஷட்டரை இழுத்து சீல் வைத்தார்கள். உலகநாதன் முகப்பேரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதப் போனார். பால்ராஜுக்கு வரப்போகிற மாமனாரே ஆவடியில் டிவி ரிப்பேர் கடை வைத்துக் கொடுக்கிறார் என்று ஜெகதாம்பாள் வழியில் பார்த்தபோது சொன்னாள். கேட்டு உலகநாதன் உண்மையாகவே மகிழ்ந்தார்.

ஆவணி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்ராஜ் உலகநாதன் வீட்டுக்கு வந்தான். அவர் மனைவி வடிவு, "வாப்பா, கல்யாண மாப்பிள்ளை," என்று வரவேற்றுவிட்டு காபி போட உள்ளே போனாள். அவன் உட்காரவில்லை.

"சார், பத்திரிகை வைக்க வந்தேன்னு நெனச்சிக்காதீங்க. மாமனாரு ஒத்துக்கல. அந்த ஆளு மண்டபத்துல கால் வச்சா நான் எழுந்து பூடுவேன்றாரு." சட்டென்று நிமிர்ந்தான். "நான் உண்மைய சொல்லிர்றேன் சார். எனக்கும் தெரியும், நான்தான் கேட்டேன்னு சொல்லிர்றேன்."

சொன்னானே தவிர, கண் உலகநாதனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று அவர் சொல்வதற்காகத்தான் காத்திருக்கிறான் என்று புரிந்தது. புரிந்ததும் வலித்தது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் வாங்கிய பேச்சுகூட இப்படி வலிக்கவில்லை.

"வேணாம்பா," என்றார். "நல்லா இரு."

பால்ராஜ் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய் சைக்கிளை எடுத்தான்.

வடிவு இரண்டு டம்ளரோடு வந்து வாசலைப் பார்த்தாள். "இன்னாங்க, காபி கூட குடிக்காம போயிட்டான்? பத்திரிகை எங்க?"

"ரொம்பப் பேரை கூப்பிடலையாம்."

"ஊரைக் கூப்பிடாம இருக்கட்டும். நம்மள கூடவா?"

உலகநாதன் அவள் கையிலிருந்து ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"நம்மளத்தான்," என்றார்.